ஐந்தாம் நம்பர் சீசா

மேக்ஸ்வெல் தன் வீட்டுக்குள் நுழைய ஒரு சட்டம் இருந்தது. வாசல்படிக்கு வெளியே நின்று, செருப்பைக் கழற்றுவதற்கும் முன்னால், மனைவி வினோலியாவின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து 'ஹா' என்று ஊத வேண்டும். அவள் முகர்ந்து பார்ப்பாள். "சரி, வாங்க" என்பாள். அப்புறம்தான் உள்ளே. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட இது தவறியதில்லை. மழையில் நனைந்து வந்தாலும் சரி, ஜுரத்தோடு வந்தாலும் சரி, ஊதிவிட்டுத்தான் உள்ளே. ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பின் அந்த லைன் வீடுகளில் இது யாருக்கும் ரகசியம் இல்லை. எதிர்வீட்டு பாப்பம்மா அதை வைத்துத்தான் மணியே பார்ப்பாள். "மேக்ஸு ஊதிட்டாரு, ஏழாயிடுச்சி, ஒலை வைக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து போவாள்.

சட்டம் போட்டது வினோலியா இல்லை, அவனேதான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சொல்லக் கூச்சமான காரணம்தான், ஆனாலும் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வினோலியாவின் அம்மா செத்துப்போனாள். ஆண்டர்சன்பேட்டை கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். சர்ச் ஐயர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார், பெட்டி குழிக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறது, அப்போதுதான் மருமகன் மேக்ஸ்வெல் வந்து சேர்ந்தான். கையில் மலர்வளையம், வயிற்றில் முக்கால் பாட்டில் ரம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு துக்கத்தோடுதான் வந்தான், அதில் ஒன்றும் பொய் இல்லை. வந்தவன் குழி விளிம்பில் கால் வைத்தான், மண் சரிந்தது, மலர்வளையத்தோடு உள்ளே போய்விட்டான். பெட்டி இறங்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை மல்லாந்து கிடக்கிறான். பின்னால் நின்ற மைன்ஸ் கிழவன்களில் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கேஜ் எறங்கிடுச்சிடா" என்றான். சுரங்கத்துக்குள் ஆள் இறக்குகிற கூண்டைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஊர் மொத்தமும் சிரித்துவிட்டது. ஐயர்கூட வேதபுத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

வினோலியா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கும்வரை அம்மாவின் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பெட்டி இறங்கியது, மண் போட்டார்கள், வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் காப்பி கலந்து கொடுத்தாள். அன்றைக்கு உள்ளே போன அழுகை போனதுதான். அதோடு சேர்ந்து வேறு என்னென்னவோவும் போய்விட்டன என்பது மெள்ள மெள்ளத்தான் தெரிந்தது.

மேக்ஸ்வெல் மறுநாளிலிருந்து குடிக்கவில்லை. யாரும் நம்பவில்லை, அவனும் நம்பச் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் வாசலில் நின்று, "நான் சொன்னா நீ நம்பமாட்ட. நம்பவும் வாணாம். தெனம் ஊதறேன். மோந்து பாத்துட்டு உள்ள வுடு" என்றான். "சரி" என்றாள்.

அந்தச் 'சரி'தான் அப்புறம் எல்லாவற்றுக்கும். அவன் வேலை பார்க்கிற பெங்களூர் ஹோட்டலில், பரிமாறுகிற ஸ்டூவர்ட்டாக இருந்தவனை ஸ்டூவர்ட்டுகளை மேய்க்கிற கேப்டன் ஆக்கினார்கள். சரி. மகள் ஈவ்லினுக்கு நர்சிங் சீட் கிடைத்து ஹாஸ்டலுக்குப் போனாள். சரி. வீட்டில் கிறிஸ்துமஸ் ஒயின் போடுவதை நிறுத்தினார்கள், ஒயின் ஜாடியில் புளி போட்டு வைத்தார்கள். சரி. திருவிருந்து ஆராதனையில் மேக்ஸ்வெல் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஒயின் கிண்ணத்தைத் தொடாமல் எழுந்து வருவான், சபையே ஓரக்கண்ணால் பார்க்கும். அதுவும் சரி. அவன் தேறிவிட்டான். அவள் மரத்துப் போனாள். காலையில் கேஜி டீச்சராக வேலை, மத்தியானம் வீடு, மாமனாருக்கு மாத்திரை, சாயந்திரம் ஏழு மணிக்கு ஒரு 'ஹா'. ஒரு தடவை தோசைக்கல்லில் கை பட்டு ஒட்டிக்கொண்டது. தோல் கருகின வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

மூக்கு மட்டும் மரக்கவில்லை. அது எப்படி மரக்கும்? பதினேழு வருஷம் தீட்டின மூக்கு. அவன் குடித்த காலத்தில் ரம்மா, பிராந்தியா, பாக்கெட் சாராயமா, எத்தனை மணிக்கு ஆரம்பித்தான், நடுவில் என்ன தின்றான், எதை மென்று மறைக்கப் பார்த்தான், கிராம்பா கொய்யா இலையா என்று வாசலிலேயே சொல்லிவிடுவாள். அந்தப் படிப்புக்கு யாரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு சாயந்திரம், ஊதி முடித்து உள்ளே வந்த மேக்ஸ்வெல் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"ஓட்டல்ல மேல் மாடியில புது ரெஸ்டாரண்ட் தொறக்கறாங்க. கிறிஸ்துமஸுக்கு" என்றான். "எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும்னு கெஸ்ட்டுக்கு சொல்லத் தெரிஞ்ச கேப்டனத்தான் அங்க போடுவாங்களாம். ட்ரெய்னிங் நடக்குது. ஷில்பா மேடம்னு ஒருத்தங்க. டெஸ்ட் வெப்பாங்க. இல்லன்னா பாங்கெட் ஹால்ல தட்டு தூக்கணும்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சர்ச்சுல பொருத்தனை, வாயில வெக்கமாட்டேன்னு சொன்னேன். அவங்க நல்லவங்க. மோந்து பாத்தே பாதி கத்துக்கலாம், மீதிய வூட்ல யாராச்சும் ருசி பாத்து சொல்லட்டும்னாங்க. சாம்பிள் குடுத்து அனுப்பறாங்க." அவன் தரையைப் பார்த்தான். "வாணாம்னா வாணாம்னு சொல்லிடு வினோ. நீ குடிச்சுப் பாத்து எனக்கு சொல்றியா?"

"சரி."

"யோசிச்சு சொல்லு."

"இன்னாத்த யோசிக்கறது? சரி."

மேக்ஸ்வெல்லின் அப்பா ஆபிரகாம் உள் அறைக் கட்டிலிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுரங்கம் மூடுகிறவரை அண்டர்கிரவுண்டில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். நெஞ்சு பழுதே தவிர காது பழுதில்லை. "கர்த்தரே, இந்த வூட்டுக்கு சீசா திரும்பி வருது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பாட்டு மேசைக்கு வந்தார்கள். மேக்ஸ்வெல்லின் தங்கை சாரா நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எப்போதும் அண்ணன் வீட்டில்தான். மேசைமேல் கருவாட்டுக் குழம்பு, பீஃப் மிளகு வறுவல், சோறு. நடுவில் இருமல் மருந்து சீசா அளவில் இரண்டு குட்டிச் சீசாக்கள், ஸ்டிக்கரில் 1, 2 என்று நம்பர். பேர் எழுதினால் பேரைப் பார்த்து ருசி சொல்வார்களாம், அதனால் நம்பர்தான். மேக்ஸ்வெல் நோட்டுப் புத்தகத்தோடு மேசையின் எதிர்க் கோடியில், ஜன்னலை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

ஆபிரகாம் ஜெபம் செய்தார். பாதியில் நிறுத்தி ஒரு கண்ணைத் திறந்தார். "இந்தச் சீசாங்களயும் ஆசீர்வதியும்னு சொல்றதா, வாணாமா?"

"எல்லாத்தயும்னு சொல்லி முடிங்க டாடி, சோறு ஆறுது" என்றாள் சாரா.

வினோலியா ஒன்றாம் நம்பரை டம்ளரில் ஊற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்தாள்.

"முழுங்காத. வாயில சுத்த வெச்சிட்டு துப்பணும்" என்றான் மேக்ஸ்வெல். "அங்க எல்லாரும் துப்புறாங்க. அதுக்குன்னு தனி பக்கெட்டு கீது."

மேசை முழுக்க அவனைப் பார்த்தது. ஜெபம் பண்ணின மேசை. சோறு இருக்கிறது, பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஒரு பொம்பளை வாயிலிருப்பதைத் துப்புவதாவது.

"சீ, இன்னாண்ணா பேசற?" என்றாள் சாரா.

"சோத்து முன்னாடி துப்புற பழக்கம் இந்த வூட்ல இல்ல" என்றார் ஆபிரகாம்.

வினோலியா விழுங்கிவிட்டாள். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறமும் விழுங்கினாள். அந்த ஹோட்டலில் பெரிய பெரிய ஆட்கள் கோட்டு போட்டுக்கொண்டு வாளியில் துப்பலாம். ஸ்கெலட்டன் லைன் வீட்டில் அது நடக்காது. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது சொல்கிறேன், அப்போது யார் கண்டார்கள்?

"ஒண்ணாம் நம்பர் பச்ச வாடை. பச்ச மொளகா காம்பு கிள்ளினா வருமே, அது" என்றாள். "ரெண்டாவது…" மூக்கை டம்ளருக்குள் விட்டு எடுத்தாள். "சீமெண்ணெய்."

மேக்ஸ்வெல்லுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "சீமெண்ணெய்யா? கெட்டுப்போச்சா?"

"கெடல. சீமெண்ணெய் வாடை வருது, ஆனா ருசியில எலுமிச்சையும் கொஞ்சம் தித்திப்பும். கருவாட்டுக்கு இதான். வறுவல் காரத்துல ஒண்ணாம் நம்பர் நிக்கல, ஓடிப்போவுது."

அவன் பயந்துகொண்டே எழுதிக்கொண்டு போனான். மறுநாள் சாயந்திரம் ஊதிய கையோடு, வாசலிலேயே சிரித்தான். அவன் பல் தெரிந்து எத்தனை நாளாயிற்று. "மேடம் அசந்துட்டாங்க! அந்த ரெண்டாம் நம்பருக்கு அடையாளமே அந்த சீமெண்ணெய் வாடைதானாம். பெரிய பெரிய ஆளுங்களே தடுமாறுவாங்களாம். யார் சொன்னதுன்னு கேட்டாங்க. என் ஒய்ஃபுன்னேன்."

"சரி, வாங்க" என்றாள் வினோலியா. ஆனால் அன்றைக்கு இரவு சாப்பாட்டுக்கு ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தவள், அதை உடனே விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

இரண்டாவது ஞாயிறு தேங்காய்ப்பால் சோறும் உருண்டைக் கறியும். புதிதாக மூணும் நாலும் வந்திருந்தன. மூணாம் நம்பர் சிவப்பு. அதை முகர்ந்ததும் அவளுக்கு மிளகு வாசனை வந்தது. மேக்ஸ்வெல்லும் ஹோட்டலிலேயே அந்த வாசனையைப் பிடித்து, மிளகு வறுவலோடு போகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான். "தப்பு" என்றாள். "காரத்துமேல காரம் போட்டா நாக்கு எரியும். தேங்காப்பால் சோத்தோட குடுங்க. பால் அத அடக்கும்."

சொல்லிவிட்டு, அதை நிரூபிக்கிறமாதிரி ஒரு கவளம் சோறு, ஒரு உருண்டை, ஒரு வாய் மூணாம் நம்பர். அப்போது ஒன்று நடந்தது. நாக்கின் அடியில், தாடை எலும்புக்குப் பக்கத்தில் சுரீர் என்றது. நாவற்பழம், மிளகு, இறைச்சிக் கொழுப்பு, தேங்காய், எல்லாம் தனித்தனியாகத் தெரிந்து அப்புறம் ஒன்றானது. சோறு ருசியாக இருந்தது! ஆறு வருஷமாகத் தான் சமைத்துத் தானே தின்ற சோற்றை அவள் ருசித்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் சந்தோஷப்பட்டாள். இதை ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை, சந்தோஷப்பட்டாள். தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.

சாரா கரண்டியைப் பிடித்தபடி அண்ணியைப் பார்த்தாள். "அண்ணி ரெண்டாம் தபா சோறு வாங்கறாங்க டாடி."

"வை, வை. பேசாம வை" என்றார் ஆபிரகாம்.

எதிர்க் கோடியில் மேக்ஸ்வெல் நோட்டுப் புத்தகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பேனா நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

டெஸ்டுக்கு முந்தின வாரம் ஷில்பா மேடம் இன்னொரு பாடம் சொல்லிக் கொடுத்தார். திறந்த ஒயின் நாளுக்கு நாள் மாறும், அதுவும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் நாலு நம்பரையும் தினம் சாயந்திரம் ஒரு வாய் பார்த்து எழுத வேண்டும், அன்றைய குழம்போடு. தினம் அவன் கொண்டு வருகிற புதுச் சாம்பிளை மறுநாள் பழசோடு ஒப்பிட்டுவிட்டுக் கொட்டிவிட வேண்டும். "நான் வர்றதுக்குள்ள பாத்து எழுதி வெச்சிடு" என்றான் மேக்ஸ்வெல். "தொறந்த சீசா பக்கத்துல நான் இருக்க வாணாம்." நியாயமான பேச்சு. அதனால் ஆறரை மணிக்கு வினோலியா அடுப்படியில் நின்று ருசி பார்த்து எழுதுவாள். ஏழு மணிக்கு டிரெயின் இறங்கி அவன் வந்து ஊதுவான்.

திங்கட்கிழமை அவன் ஊதினான். ஒயின் வாடை அடித்தது.

வினோலியா அப்படியே நின்றாள். இரண்டாம் நம்பரின் சீமெண்ணெய் வாடை. அவன் வாயிலிருந்தா, தன் வாயிலிருந்தா? இன்னொரு தடவை மூச்சை இழுத்தாள். அதே வாடை. தன் நாக்கில் இருக்கிறது, மூக்குக்குள் இருக்கிறது, அரை மணிக்கு முன் விழுங்கினது தொண்டையிலிருந்து மேலே வருகிறது. அதற்குப் பின்னால் அவன் வாயில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. பதினேழு வருஷம் குடிகாரனோடும் ஆறு வருஷம் குடிக்காதவனோடும் வேலை செய்த மூக்கு அன்றைக்கு அவிந்துபோய் நின்றது.

"சரி, வாங்க" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

அவள் அவனிடம் சொல்லியிருக்கலாம். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றிருக்கலாம். ருசி பார்க்கிற வேலையை அவன் வந்து ஊதின பிறகு வைத்துக்கொண்டிருக்கலாம். ஒன்றையும் செய்யவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே அவன் சீசாக்களை நிறுத்திவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். கொப்பளித்தால் அந்த ருசி போய்விடும். அந்த ருசி ஒன்றுதான் அவளுக்குள் திரும்பி வந்திருந்தது, அதை விட அவளுக்கு மனசு வரவில்லை. திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் மரக்கட்டையாக இருந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

செவ்வாய், மொச்சைப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. ஒன்றாம் நம்பரின் பச்சை வாடைக்கு அதுபோலப் பொருந்தினது வேறெதுவும் இல்லை. ஏழு மணிக்கு 'ஹா'. ஒன்றும் தெரியவில்லை. "சரி, வாங்க." புதன், கீரை. 'ஹா'. "சரி, வாங்க." வியாழன், முட்டைக் குழம்பு, தித்திப்பான நாலாம் நம்பர். "சரி, வாங்க." ஒவ்வொரு நாளும் அவன் கொஞ்சம் அதிக நேரம் வாசலில் நின்றதாக அவளுக்குத் தோன்றியது. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவன் கொஞ்சம் சீக்கிரமாக, அவள் ருசி பார்த்து முடித்த கையோடு வந்தான். தோளில் பை, பையில் ஐந்தாம் நம்பர் சீசா. அதைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தார் மேடம். விலை உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை உருண்டைக் கறியோடு மட்டும் திறக்க வேண்டும், திங்கட்கிழமை டெஸ்டில் அதுதான் முக்கியம். பையை அவளிடம் நீட்டினான். அவள் சீசாவை அடுப்படியில் மற்ற நாலோடு வைத்துவிட்டு வந்தாள். அவன் ஊதினான்.

"சரி, வாங்க."

அவன் வரவில்லை. "இரு. இப்ப நீ ஊது."

"நானா?"

"நீ கடசியா எந்த நம்பர் குடிச்சன்னு நான் சொல்றேன். மோந்தே கண்டுபிடிக்கணும்ல, ப்ராக்டீஸ்."

எதிர்வீட்டில் பாப்பம்மா முறத்தோடு உட்கார்ந்து இதைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னிக்கு மாறிப்போச்சா? ஊதும்மா, ஊது!"

வினோலியாவுக்கு வெட்கமாக இருந்தது. ஊதினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். "மூணாம் நம்பர்" என்றான். "மொதல்ல மொளகு. அப்பால நாவப்பழம்."

சரியாகச் சொல்லிவிட்டான். அவள் தலையாட்டினாள்.

"இன்னொரு தபா."

கிட்டே வந்தான். ஆறு வருஷமாக அவன் முகம் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. தினமும் ஒரு முழம் தள்ளி நின்று ஊதுகிற முகம். முத்தம் கொடுக்கப் போகிறான் என்று நினைத்தாள். பட்டப்பகல்போல விளக்கு எரிகிறது, எதிரே பாப்பம்மா, உள்ளே மாமனார் என்று மனசு சொன்னாலும் கால் நகரவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்தப் படபடப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. மறுபடி ஊதினாள்.

அவன் மூச்சை இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். இழுத்த மூச்சை வெளியே விடாமல் உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டான். தொண்டைக்காய் மேலே ஏறிக் கீழே இறங்கியது. வினோலியாவுக்கு அந்தத் தொண்டை தெரியும். ஆண்டர்சன்பேட்டை ஒயின் ஷாப் வாசலில், கிளாஸ் கைக்கு வருவதற்கு முன்னால் அது அப்படித்தான் ஏறி இறங்கும். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்.

அவன் முத்தம் கொடுக்க வரவில்லை. அவள் வாயிலிருந்து குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரே தபா, வினோ" என்றான் கண்ணைத் திறக்காமல்.

அப்போது பயம் வந்தது. ஆறு வருஷமாகப் பயப்படக்கூட முடியாமல் இருந்தவள் அவள். உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"அங்கயே நில்லுங்க. உள்ள வராதீங்க."

அடுப்படிக்கு ஓடினாள். ஐந்து சீசாக்களையும் சேலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு பின்கட்டில் கழிவுநீர் போகிற ஜலதாரிக்குப் போனாள். ஒன்று. இரண்டு. மூணாம் நம்பரைக் கவிழ்க்கும்போது கை ஒரு நொடி நின்றது, கவிழ்த்துவிட்டாள். நாலு. ஐந்தாம் நம்பரின் காகிதத்தைக் கிழித்து, மூடியைத் திருகினாள். அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு நல்ல வாசனை எழுந்தது. அது என்ன என்று தெரிந்துகொள்ளாமலே கொட்டினாள். பின்கட்டு முழுக்க வாடை பரவி, வீட்டுக்குள் புகுந்து, வாசல்வரை போயிற்று.

"அஞ்சாம் நம்பரயும் ஊத்திட்டியா?"

வாசலிலிருந்து மேக்ஸ்வெல் கத்தினான். டெஸ்டைப் பற்றிக் கவலைப்படுகிறவன் குரல் இல்லை அது. ஆறு வருஷத்துக்கு முந்தின குரல். கட்டிலில் படுத்திருந்த ஆபிரகாம் எழுந்து உட்கார்ந்தார். பாப்பம்மாவின் முறம் நின்றது.

வினோலியா உப்பைக் கையில் அள்ளிப் பல்லிலும் நாக்கிலும் தேய்த்தாள். கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி உப்பு, மறுபடி தண்ணீர். நாக்கு எரிந்தது. ஆறேழு தடவை துப்பிய பிறகு வாயில் உப்பைத் தவிர ஒன்றுமில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அவன் படிக்கு வெளியேதான் நின்றிருந்தான், செருப்பைக்கூடக் கழற்றாமல். தான் போட்ட சத்தத்தைத் தானே கேட்டுவிட்ட முகம். அவளைப் பார்க்க முடியாமல் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊதுங்க."

ஊதினான். ஸ்டேஷன் டீ. வேர்க்கடலை. ஒரு சொத்தைப் பல். வேறொன்றும் இல்லை.

"நேத்து?" என்றாள்.

"குடிக்கல."

"முந்தாநேத்து?"

"குடிக்கல வினோ. ஆனா டிரெயின்ல மூடியத் தொறந்து மோந்துகினு வந்தேன். தெனமும். பங்காரப்பேட்டை தாண்டினதும் தொறப்பேன், நம்ம ஸ்டேஷன் வர்றவரைக்கும் மூடமாட்டேன்." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "புதன்கிழம மூடியில ஒட்டினிருந்தத நக்கிட்டேன். நீ கண்டுபிடிச்சிடுவன்னு நெனச்சேன். நீ கண்டுபிடிக்கணும்னுதான் வாசல்ல நின்னேன். நீ சரின்னுட்ட."

புதன்கிழமை. கீரை. அவள் வாயில் அன்றைக்கும் மூணாம் நம்பர் இருந்தது.

"திங்கக்கிழம டெஸ்டுக்கு நான் போவல" என்றான். "தட்டே தூக்கறேன்."

இப்போது அவள் 'சரி' என்று சொல்ல வேண்டும். எப்போதும் சொல்கிறதுதான். வாயைத் திறந்தாள். சொல்லுக்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்தது. அவளுக்கே அது யாருடைய சத்தம் என்று முதலில் தெரியவில்லை. "அம்மா" என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கல்லறைத் தோட்டத்தில், பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு அழ வேண்டிய அழுகை. லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. சாரா தலைமுடியை முடிந்துகொண்டே ஓடி வந்தவள், பாதி வழியில் நின்றுவிட்டாள். உள்ளிருந்து "அம்மா வினோலியா" என்று ஆபிரகாமின் குரல் வந்தது.

மேக்ஸ்வெல் அவளிடம் போக ஒரு காலைப் படிமேல் வைத்தான். 'சரி, வாங்க' என்று அவள் இன்னும் சொல்லவில்லை. காலைக் கீழே எடுத்துக்கொண்டான். அவள் அழுது முடிக்கிறவரை வெளியிலேயே நின்றான்.